மட்டத்துக்கு அரை விரல் கீழே

பெயின்டர் கேட்டது நாலாயிரத்து ஐந்நூறு.
ஒரே அறைக்கு, கூலி மட்டும்.
முப்பது ஜாக்கெட், லைனிங் இல்லாமல்,
என்று மனசு கணக்குப் போட்டு முடிக்குமுன்
வாய் சொல்லிவிட்டது:
நானே அடித்துக்கொள்கிறேன்.

மேலே வெள்ளை.
இடுப்புக்குக் கீழே கத்தரிப்பூ.
நடுவில் ஒரு கோடு.
பரப்பு பெரிதில்லை, ரோலர் பார்த்துக்கொள்ளும்.
கோடுதான்.
கழுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தே
எந்தக் கடைத் தையல் என்று
புதுவயலில் சொல்லிவிடுவார்கள்;
அந்த ஊரில் இருந்துகொண்டு
கோணலாக ஒரு கோடு போட முடியுமா?

முதல் தடவை டேப் ஒட்டி, பூசி,
நன்றாகக் காயட்டும் என்று
ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன்.
காலையில் உரித்தால்
டேப்போடு சுவரின் தோலும் வந்தது.
கத்தரிப்பூ வெள்ளைக்குள் கசிந்து
பல் பல்லாய் நின்றது.
அரிசி மில் அனுப்பிய உமிக்கரி
ஈரத்தில் உட்கார்ந்து
எள்ளுத் தூவி வைத்திருந்தது.
சந்தியாகு எட்டிப் பார்த்தார்.
"சுவரா, முறுக்கா?"
சொல்லிவிட்டு எடைமேடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குக் கடையில்
பள்ளத்தூர் டீச்சரின் கண்டாங்கிக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது
கை தைத்தது, தலை சுவரில் இருந்தது.
கரைக்கும் கறைக்கும் ஓர் எழுத்துதான்.
தறியில் நூல் நூலாக நிற்கிறது,
தன் இடம் அதற்குத் தெரியும்.
வாளியில் இருப்பது அப்படியா?
இண்டு இடுக்கு கிடைத்தால்
குடியேறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது.
பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம்.
அவர் ரசமட்டம் கொண்டுவந்திருந்தார்.
குமிழ் நட்டநடுவில் நிற்க
பென்சிலால் கோடு இழுத்தார்.
தள்ளி நின்று பார்த்தேன்.
ஜன்னல் பக்கம் கோடு தூக்கிக்கொண்டு நின்றது.
"ரசம் பொய் சொல்லாதுடி."
"ஜன்னல் சொல்லுதே."
ஜன்னலே ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது,
கட்டிய நாள் முதலாக இருக்கும்.
ஒரு தோள் இறங்கிய பெண்ணுக்கு
மேசையில் சரியாக வெட்டினால்
உடம்பில் கோணும்.
நான் அவளைப் பார்த்துத்தான் வெட்டுவேன்,
ஸ்கேலைப் பார்த்து இல்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் முனையில் அரை விரல் இறக்கி
டேப்பை ஒட்டினேன்.

காலாவதியான ஏடிஎம் அட்டையால்
விளிம்பை அழுத்தித் தேய்த்தேன்,
மடிப்புக்கு நகம் போடுவது போல.
பிறகு எடுத்தது கத்தரிப்பூ இல்லை,
வெள்ளை.
டேப் விளிம்பு நெடுக
மேலே இருக்கும் அதே வெள்ளை, ஒரு பூச்சு.
"அதுதான் வெள்ளையா இருக்கே?"
இருக்கட்டும்.
இண்டில் இது முதலில் போய் உட்காரட்டும்.
வெள்ளைக்குள் வெள்ளை கசிந்தால்
யார் கண்டுபிடிப்பார்கள்.

அது காய்ந்த பிறகுதான் கத்தரிப்பூ.
பிரஷ் நுனி மட்டும் நனைத்து,
டேப்பில் தொடங்கிக் கீழே இழுத்து,
இரண்டு கை.
இந்த முறை தூங்கவிடவில்லை.
தொட்டால் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே
டேப்பின் மூக்கைப் பிடித்து
தன் மேலேயே மடங்கி வருகிற மாதிரி
மெதுவாக,
தையல் பிரிக்கிற வேகத்தில்.

வந்தது.
ஒரு பிசிறு இல்லை.

சந்தியாகு ரசமட்டத்தைக் கையில் எடுத்தார்.
சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்,
வைத்துப் பார்க்காமலே
பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

கிழக்கு மூலையில் ஒரு சாண் இருக்கும்போது
டேப் தீர்ந்துவிட்டது.
அவர் டீ வாங்கப் போயிருந்தார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வெறுங்கையால் இழுத்தேன் அந்த இடத்தை.
எந்த இடம் என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.
அங்கே தையல் மெஷினைப் போடலாம் என்றால்
நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.
திறந்தே கிடக்கட்டும்.